மாநில வழக்குக்காப்பு, இணைவிசைவு: டோரஸ் வழக்குக்கு இரண்டு சொற்கள்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் டோரஸ் தீர்ப்பைத் தமிழில் எழுத, 'sovereign immunity' என்பதற்கு (அரசின்மேல் அதன் சம்மதமின்றி வழக்குப் போட முடியாது என்ற கோட்பாடு) என்ன சொல் என்று நம் குழுவில் தேடிக்கொண்டிருக்கிறோம். வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> 'டெக்சஸின் இறையாண்மை விலக்குரிமையை உச்ச நீதிமன்றம் நீக்கியது' என்று எழுதினால் போதாதா? எதற்குப் புதுச்சொல்?

போதாது ஐயா. இந்த ஒரு வரியிலேயே இரண்டு இடத்தில் பொருள் வழுக்குகிறது. ஒன்று 'விலக்கு', இன்னொன்று 'நீக்கியது'. வழக்கை ஒருமுறை சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன். குழுவில் பாதிப் பேர் தீர்ப்பைப் படிக்காமலே சொல் தேடுகிறோம் என்று நினைக்கிறேன்.

லீ ராய் டோரஸ் டெக்சஸ் மாநிலக் காவல்துறையில் ரோந்து அதிகாரி. 1989 முதல் அமெரிக்கத் தரைப்படையின் சேமப்படையிலும் இருந்தார். 2007இல் அழைப்பு வந்து ஈராக் போனார். அங்கே படைமுகாம்களில் குப்பையைக் குழியில் கொட்டிக் கொளுத்துவார்கள். பிளாஸ்டிக், மருத்துவக் கழிவு, வண்ணப்பூச்சு டப்பா, எல்லாம் ஒரே தீயில். அந்தப் புகையில் அவருடைய மூச்சுக்குழல்கள் சுருங்கிப்போயின. ஊர் திரும்பியவர், 'பழைய ரோந்து வேலை இனி என்னால் ஆகாது, துறையிலேயே வேறு வேலை கொடுங்கள்' என்று கேட்டார். கொடுக்கவில்லை.

1994ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் (அதாவது மைய அரசின் சட்டம்) ஒன்று இருக்கிறது. நீளமான பெயரைச் சுருக்கி 'யூசெரா' என்பார்கள். படைப்பணிக்குப் போனதற்காக யாரையும் வேலையில் பாகுபடுத்தக் கூடாது, திரும்பி வந்தால் மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். பணியில் உடல் கெட்டு வந்தவருக்குப் பழைய வேலை முடியாது என்றால், தகுதியிலும் சம்பளத்திலும் அதற்கு ஈடான வேறு வேலை தர முதலாளி முயல வேண்டும். மாநில அரசும் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஒரு முதலாளிதான். டோரஸ் டெக்சஸ் நீதிமன்றத்திலேயே வழக்குப் போட்டார். டெக்சஸ் தரப்பு முதலில் எடுத்து வைத்த வாதத்துக்கும் வேலை கொடுத்தார்களா இல்லையா என்பதற்கும் தொடர்பே இல்லை. 'நாங்கள் இறையாண்மை உள்ள மாநிலம், எங்கள் சம்மதம் இல்லாமல் தனிமனிதர் எங்கள்மேல் வழக்குப் போட முடியாது' என்றார்கள். விசாரணை நீதிமன்றம் ஏற்கவில்லை, மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. கடைசியில் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது.

இப்போது 'விலக்கு'. வரிவிலக்கு என்றால் அந்த வரி நமக்குக் கிடையாது என்று பொருள். தேர்வு விலக்கும் அப்படித்தான். 'டெக்சஸுக்கு விலக்கு' என்று எழுதினால், யூசெரா அந்த மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். அது தவறு. மெய்ன் மாநிலத்து நன்னடத்தைக் கண்காணிப்பு அலுவலர்கள் கூடுதல் நேரச் சம்பளம் கேட்டுப் போட்ட ஆல்டன் வழக்கில், 1999இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திருப்பி அனுப்பியது. ஆனால் அதே தீர்ப்பு, கூட்டரசுச் சட்டம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தும் என்றும், கூட்டரசே நேரடியாக வழக்குத் தொடுத்தால் மாநிலம் தப்ப முடியாது என்றும் சொன்னது. கடன் அப்படியே இருக்கிறது, கடன் கொடுத்தவர் மட்டும் கோர்ட் படி ஏற முடியாது என்ற நிலை. ஆகவே தேவைப்படுவது வழக்கிலிருந்து காக்கும் ஒன்றுக்கான பெயர்.

இலங்கை நண்பர் தந்த 'விடுபாட்டுரிமை' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே சனாதிபதியின் விடுபாட்டுரிமை என்று ஒரு தனி ஆளைச் சுற்றி அது வேரூன்றிவிட்டது. தண்டனைக்குத் தப்புவது என்ற நிழலும் கூட வருகிறது. இயந்திர மொழிபெயர்ப்பு தந்த 'மாநில நோய் எதிர்ப்புச் சக்தி'யை விட்டுவிடலாம். சிரித்து முடித்துவிட்டோம்.

என் முன்மொழிவு: வழக்குக்காப்பு. மாநிலத்துக்கு உள்ளது மாநில வழக்குக்காப்பு, அயல்நாட்டு அரசுக்கு உள்ளது அயலரசு வழக்குக்காப்பு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் நாமும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: இதோடு 'உரிமை'யை ஒட்டாதீர்கள். 'வழக்குக் காப்புரிமை' என்றதும் வாசகர் பேட்டன்ட் தகராறு என்று நினைத்துவிடுவார்.

> சரி, காப்பு என்றே வைப்போம். அப்போது 'காப்பு நீக்கம்' என்றால் முடிந்ததே?

முடியவில்லை அம்மா. இந்த வழக்கின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

காப்பு நீக்கம் என்பது உண்மையிலேயே வேறு ஒன்று. உள்நாட்டுப் போருக்குப் பின் வந்த 14ஆவது திருத்தத்தின் 5ஆம் பிரிவை வைத்து, நாடாளுமன்றம் மாநிலத்தின் காப்பைச் சில இடங்களில் பறிக்கலாம். கனெக்டிகட் மாநில ஊழியர்களின் ஓய்வூதியத்தில் ஆண்பெண் பாகுபாடு பற்றிய பிட்ஸ்பாட்ரிக் வழக்கில், 1976இல் இது நிலைநாட்டப்பட்டது. ஆனால் எல்லாப் பாகுபாட்டுக்கும் இந்த வழி திறக்கவில்லை. 2000இல் வயதுப் பாகுபாட்டு வழக்கில் அடைத்துக்கொண்டது. 2001இல் அலபாமா பல்கலைக்கழகத்துச் செவிலியர் பட்ரீஷியா காரெட், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் பதவி இறக்கப்பட்டதை எதிர்த்து வந்தபோதும் அடைத்துக்கொண்டது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி அவர் மாநிலத்திடம் இழப்பீடு கேட்க முடியாது என்றார்கள்.

டோரஸும் உடல்நலம் கெட்டு வேலை இழந்தவர்தான். அவருக்கு மட்டும் கதவு எப்படித் திறந்தது? உச்ச நீதிமன்றத்தின் 2022 ஜூன் 29 தீர்ப்பு, நாடாளுமன்றம் காப்பைப் பறித்தது என்று சொல்லவே இல்லை. அரசமைப்பை ஏற்றபோதே, படை திரட்டிப் பராமரிக்கும் அதிகாரத்துக்கு முன்னால் காப்பை நீட்ட மாட்டோம் என்று மாநிலங்கள் சம்மதித்துவிட்டன என்றது. இந்த அரசமைப்புக்கு முந்தைய பழைய கூட்டமைப்புக் காலத்தில் மையப் பேரவைக்குச் சொந்தமாகப் படை திரட்டும் அதிகாரம் கிடையாது. மாநிலங்களிடம் ஆள் கேட்கும், அவை பாதி அனுப்பும், பாதி அனுப்பாது. அந்த அவதியைப் பார்த்துத்தான் புதிய அரசமைப்பில் படை அதிகாரம் முழுசாகக் கூட்டரசிடம் போனது. அமைதிக் காலத்தில் நாடாளுமன்றத்தின் இசைவின்றி மாநிலம் படை வைத்திருக்கக்கூட முடியாது.

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிரையர். மறுநாள் அவர் ஓய்வு பெற்றார். நீதிபதிகள் 5க்கு 4 என்று பிரிந்தார்கள். நீதிபதி தாமஸ் எழுதிய மறுப்பு, ஆல்டனோடு இது முட்டுகிறது என்றது. படிக்க வேண்டிய மறுப்புதான், தள்ளிவிடாதீர்கள். இன்னொரு வேடிக்கை: அதற்கு முந்தைய ஆண்டு, நியூஜெர்சியின் நிலத்தை எரிவாயுக் குழாய்க்கு எடுக்கும் பென்ஈஸ்ட் வழக்கில் மாநிலத்தின் பக்கம் நின்ற நீதிபதி கேகன் இங்கே டோரஸ் பக்கம். அங்கே எதிர்ப்பக்கம் இருந்த நீதிபதி அலிட்டோ இங்கே டெக்சஸ் பக்கம்.

ஆக, 'நீக்கம்' என்று எழுதினால் தாமஸுக்கும் பிரையருக்கும் நடந்த சண்டையே தமிழில் காணாமல் போய்விடும். 'துறப்பு'ம் சரிப்படாது. துறப்பு என்பது ஒரு மாநிலம் தன் சட்டமன்றத்தில் தானாக எழுதிக் கொடுப்பது. டெக்சஸ் அப்படி எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஒருவர் தனிமடலில் 'மாநாட்டிசைவு' என்று அனுப்பியிருந்தார். அரசமைப்பை எழுதிய 1787 ஃபிலடெல்ஃபியா மாநாட்டை மனத்தில் வைத்து, 'plan of the Convention' என்ற ஆங்கிலத் தொடருக்கு நேராக. எனக்கு இதில் ஒரு தடை. அந்த மாநாட்டில் டெக்சஸ் இல்லை. அது ஒன்றியத்தில் சேர்ந்ததே 1845இல். பழைய மாநிலங்களோடு சமநிலையில் சேர்ந்தது என்பதால்தான் பழைய சம்மதமும் அதைக் கட்டுகிறது. பின்னால் வந்த மாநிலங்களுக்கும் பொருந்த வேண்டும் என்றால் பெயர் இணைந்த செயலைக் குறிக்க வேண்டும், கூட்டம் நடந்த மண்டபத்தை அல்ல. அதனால் இணைவிசைவு: ஒன்றியத்தில் இணைந்ததாலேயே கொடுத்துவிட்டதாகக் கொள்ளப்படும் இசைவு.

நாக்கு புரளும் என்று சொல்வீர்கள். மூன்று முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், பழகிவிடும். கடன்தீர்க்க இயலாமை பற்றிய 2006 காட்ஸ் வழக்கு, பென்ஈஸ்ட், டோரஸ், மூன்றையும் இந்த ஒரே தலைப்பின் கீழ் வைக்கலாம் என்பது கூடுதல் வசதி.

ஓட்டிப் பார்க்க ஒரு பத்தி:

'டெக்சஸ் தன் வழக்குக்காப்பைத் துறக்கவில்லை. நாடாளுமன்றம் 14ஆவது திருத்தத்தின்படி அதை நீக்கவும் இல்லை. படை அதிகாரத்தைப் பொறுத்தவரை இணைவிசைவு இருப்பதால் அந்தக் காப்பு எழவில்லை என்று நீதிமன்றம் கூறியது. வழக்கு விசாரணைக்குத் திரும்பியது. 2023இல் ஜூரி டோரஸுக்குச் சுமார் 25 லட்சம் டாலர் இழப்பீடு அளித்தது.'

எனக்கு இது தடையில்லாமல் ஓடுகிறது. 'எழவில்லை' என்ற வினை மட்டும் இடறினால் மாற்றுச் சொல்லுங்கள்.

மேலே 'சேமப்படை' என்று எழுதியதற்கும் யாராவது கை கொடுங்கள். 'ரிசர்வ்' என்றே விட்டால், காவல்துறைக்காரர் வேறு என்பதால், நம் ஊர் வாசகர் ஆயுதப்படை ரிசர்வ் போலீஸ் என்று முடிவு கட்டிவிடுவார். இரண்டு வேறு வேலை, இரண்டு வேறு அரசு என்பது புரியாவிட்டால் வழக்கே புரியாது. 'அழைப்புப்படை' சரிவருமா?

அன்புடன்.