வந்தேன் வரலை ரயில்

கடைசி பெஞ்ச்:
93 மார்ச் டென்த் பேட்ச் ஆளுக்கு ஒண்ணா எழுதுங்கப்பா, மண்டைல இருக்கிறது மறந்துபோறதுக்கு முன்னாடி. நானே ஆரம்பிக்கிறேன். கணக்கு சார். மதுரைல இருந்து போடி பாசஞ்சர்லதான் டெய்லி வருவாரு, அப்ப மீட்டர்கேஜ் வண்டி, ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது பக்கத்துல ஆடு மேய்க்கிறவன் வண்டியை முந்திருவான், அந்த ஸ்பீடு. நமக்கு ஃபர்ஸ்ட் பீரியடே கணக்கு. பிரேயர்ல வாய் தமிழ்த்தாய் வாழ்த்து பாடும், காது பூரா தண்டவாளத்துப் பக்கம் இருக்கும். ஊதல் சத்தம் கேட்டுச்சுன்னா செத்தோம், கேக்கலைன்னா அன்னைக்குத் தீபாவளி.

அவரோட கூட்டுத்தொடர் அடி ஞாபகம் இருக்கா? ஒரு கணக்கு தப்புன்னா ஒரு அடி, ரெண்டாவது தப்புக்கு ரெண்டு, மூணாவதுக்கு மூணு. அதுலயும் அடிக்கிறதுக்கு முன்னாடி மொத்தம் எத்தனைன்னு ஃபார்முலா போட்டு நாமளே சொல்லணும், தப்பாச் சொன்னா அதையும் ஒரு தப்புன்னு சேத்துக்குவாரு. ஒரு நாள் ஒருத்தனுக்கு அஞ்சு தப்பு, பதினஞ்சு அடி, அவன் கையை நீட்டுறதும் இழுக்கிறதுமா ஆடுன ஆட்டத்தைப் பாத்து கிளாஸே விழுந்து விழுந்து சிரிச்சோம். யாருன்னு மறந்துபோச்சு. இன்னைக்கும் அதை நெனச்சா சிரிப்பு வருது எனக்கு.

ஷார்ஜா:
ஹாஹா மாப்ள, கணக்கு சார் ஊதலை நான் இங்க ஷார்ஜால கனவுல கேட்டிருக்கேன், எந்திரிச்சுப் பாத்தா பக்கத்து ரூம்காரன் குக்கர்.

இங்கிலீஷ் சாரை விட்டுட்டியே. மை ஆம்பிஷன் கட்டுரை. நோட்ஸ்ல டாக்டர் மட்டும்தான் இருந்துச்சு, அதனால கிளாஸ் மொத்தமும் டாக்டர் ஆகணும்னு எழுதினோம், கிராமத்துக்கே திரும்பி வந்து ஏழைகளுக்கு இலவச வைத்தியம் பாப்போம்னு முடிச்சோம். சார் நோட்டெல்லாம் திருத்திட்டு, "ஊரு பூரா டாக்டர்னா நோயாளிக்கு எங்கடா போவீங்க"ன்னு கேட்டாரு பாரு. ஒரே ஒருத்தன் மட்டும் லாரி டிரைவர்னு தமிழ்ல எழுதியிருந்தான், அவனுக்குத்தான் குட் போட்டாரு. அந்தப் பய இப்ப நெஜமாவே ரெண்டு லாரி வச்சிருக்கான். டாக்டர் ஒருத்தரும் தேறலை.

ரயில் பார்ட்டி:
நான் நாலு ஸ்டேஷன் தள்ளி ஏறுவேன், அதனால கணக்கு சாரை நீங்க பாத்த மாதிரி நான் பாக்கலை. அந்த வண்டில அவரு வேற ஆளு. ஜன்னல் சீட்டு கிடைச்சா வாயைப் பொளந்துக்கிட்டு தூங்குவாரு, முழிச்சிருந்தா எதுத்தாப்ல உக்காந்திருக்கிற வாழைத்தார் வியாபாரிக்குக்கூட கணக்கு போடுவாரு. இந்த லைனைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவரு சொன்னதுதான். இரண்டாம் உலகப்போர் சமயத்துல சண்டைக்கு இரும்பு வேணும்னு இந்தத் தண்டவாளத்தையே பேத்து எடுத்துட்டுப் போயிட்டாங்களாம், அம்பதுகள்லதான் திரும்பப் போட்டாங்களாம். "ரயிலையே களவாடுன கதைடா இது"ம்பாரு.

ஒருநாள் கணவாய்ல வண்டி நின்னுபோச்சு, எப்ப கிளம்பும்னே தெரியலை. சார் என்னைக் கூப்பிட்டு, "2 பவர் 100-ஐப் பெருக்காம அதுல எத்தனை இலக்கம்னு சொல்றா"ன்னாரு. முழிச்சேன். "லாக் 2 எவ்வளவு?" 0.3010, அது நமக்கு தூக்கத்துல கேட்டாலும் வரும்ல. "நூறால பெருக்கு." 30.10. "அப்ப முப்பதோட ஒண்ணு கூட்டு, 31 இலக்கம், அவ்வளவுதான்டா, மடக்கை அட்டவணைன்னா என்னமோ பூதம்ங்கிறீங்க." நான் வாயடைச்சுப் போயிட்டேன். கிளாஸ்ல ஒரு வருசமா லாக் புக்கைப் பொரட்டுனப்ப வெளங்காத சமாச்சாரம், நின்ன ரயில்ல ரெண்டு நிமிசத்துல வெளங்குச்சு. அதே மனுசன் பிளாட்பாரத்துல எறங்கி ஸ்கூல் கேட்டைத் தாண்டுனதும் மூஞ்சி மாறிரும். எப்படின்னு இன்னும் புரியலை.

முதல் பெஞ்ச்:
நான் இப்ப டீச்சர், தமிழ்தான். அதனால நான் எழுதப்போறது தமிழ் ஐயாவைப் பத்தித்தான்னு உங்களுக்கே தெரியும். அவரு இறந்து ஏழு வருசமாச்சு. அந்தப் பையனை யாருக்காவது ஞாபகம் இருக்கா, ரயில்ல வர்ற பையன், வண்டி வராத அன்னைக்குத் தண்டவாளம் மேலயே அஞ்சு கிலோமீட்டர் நடந்து வந்தான்? கணக்கு சார் வண்டியும் அதேதானே, அவரும் வரலை, ஐயா அந்த பீரியடை எடுத்துக்கிட்டு அலகிடுதல், அதான் செய்யுளை அசை அசையாப் பிரிச்சு நேர், நிரைன்னு பேர் வைக்கிறது, நடத்திட்டு இருந்தாரு. இவன் வேர்க்க விறுவிறுக்க வந்து வாசல்ல நின்னான். "என்னடா?" "லேட்டா வந்தேன் வரலை ரயில்"னு மூச்சு வாங்க ஒரே மூச்சுல சொன்னான்.

ஐயா அவனை உள்ள வரச் சொல்லலை, வெளியவும் அனுப்பலை. அப்படியே திரும்பி, அவன் சொன்னதை போர்டுல எழுதுறாரு. கோடு போட்டுப் பிரிக்கிறாரு. லேட்/டா, நேர் நேர் தேமா. வந்/தேன், நேர் நேர் தேமா. வர/லை, நிரை நேர் புளிமா. ரயில் ஒரே அசை, நிரை, கடைசில நிக்கிறதால மலர். "மாவுக்கு அப்புறம் நிரை வரணும், நீ லேட்டாவுக்கு அப்புறம் வந்தேன்னு நேரைப் போட்டுட்ட, வெண்பான்னா தளை தட்டும்டா, சீரும் சீரும் சேர்ற கட்டு ஒடைஞ்சிரும். லேட்டாவைத் தூக்கிருவமா?" டஸ்டர் கிடைக்கலை, துண்டு நுனியால அழிச்சாரு. போர்டுல மிச்சம் நின்னது

வந்தேன் வரலை ரயில்

மூணே சீர். தேமா, புளிமா, மலர். வெண்பா ஈற்றடி சும்மா கும்முனு உக்காந்துருச்சு. "வரலை பேச்சு வழக்குதான், போனாப் போகுது, நடந்து வந்தவனுக்கு அந்தச் சலுகை உண்டு. நாலாவது அடி இவன் எழுதிட்டான், மேல மூணு அடியை எவனாவது எழுதிட்டு வாங்கடா"ன்னாரு. நான் இன்னைக்கு வரைக்கும் என் பிள்ளைகளுக்குத் தளை நடத்துறப்ப இதைத்தான் போர்டுல எழுதுறேன். புத்தகத்துல இருக்கிற உதாரணத்தை விட இது சட்டுனு ஏறும். மேல் மூணு அடியை முப்பது வருசமா ஒருத்தரும் எழுதலை, அது வேற விசயம்.

கடைசி பெஞ்ச்:
எங்க அறிவுக்கு தேமா புளிமான்னாலே மரம்தான் ஞாபகம் வருது டீச்சர், மன்னிச்சிருங்க. ஆமா அந்தப் பையன் யாரு?

சரி மேட்டருக்கு வர்றேன். கணக்கு சாருக்கு எம்பது தாண்டிருச்சு, மதுரைல மகன் வீட்டுல இருக்காராம், போய்ப் பாத்துட்டு வந்தேன், கண்ணு சரியாத் தெரியலை ஆனா குரல் அப்படியே இருக்கு. ஜனவரில எல்லாரும் ஸ்கூல்ல ஒண்ணு கூடி அவருக்குப் பொன்னாடை போத்தி ஒரு நினைவுப் பரிசு குடுக்கலாம்னு இருக்கு. அந்த அடி இல்லைன்னா நாமெல்லாம் என்ன ஆயிருப்போம் சொல்லுங்க.

ஷார்ஜா:
நான் லீவு போட்டு வந்துர்றேன். பிரம்பு ஒண்ணும் வாங்கி வைங்க, பழைய ஞாபகத்துக்கு கையை நீட்டி ஒரு போட்டோ எடுத்துக்குவோம்.

லேத்:
இவ்வளவு நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், ஒண்ணும் எழுதலை. இப்ப எழுதுறேன், நான் ஒண்ணும் எழுத்தாளர் இல்லை, தப்பு இருந்தா டீச்சர் மன்னிக்கணும்.

அஞ்சு தப்பு இல்லை, ஆறு. பதினஞ்சு இல்லை, இருபத்தொண்ணு. அஞ்சு தப்புக்கு மொத்தம் எத்தனைன்னு கேட்டாரு, எனக்கு ஃபார்முலா வரலை, பதினாலுன்னேன், அதனால ஆறாயிருச்சு. இடது கைல பதினொண்ணு, வலது கைல பத்து. ஆட்டம் ஆடுனவன் நான்தான்.

டீச்சர் சொன்ன பையனும் நான்தான். ரெண்டும் ஒரே நாள். காலைல ஐயா என் வாயில வந்ததை போர்டுல எழுதினாரு, எனக்குத் தலை கால் புரியலை, பதினொரு மணிக்கு வண்டி வந்துச்சு, சாரும் வந்தாரு, ஃபர்ஸ்ட் பீரியடை மூணாவது பீரியட்ல எடுத்தாரு. முந்தின நாள் கணக்கு நோட்டு ஈரமாப் போச்சு, வீட்டுக் கூரை அப்படி. திரும்ப எழுதாம வந்தது என் தப்புதான், இல்லைங்கலை.

அடி வலிச்சுச்சான்னா வலிச்சுச்சு, ரெண்டு நாள்ல போயிருச்சு. நம்ம காலத்துல யாரு அடி வாங்கலை? எங்கப்பாவே சேத்துவிடும்போது "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிருங்க சார்"னுதான் சொல்லிட்டுப் போனாரு. எனக்குப் போகாதது வேற. அன்னைக்குக் காலைல நீங்க எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாத்தீங்க, நம்ம பய வெண்பா எழுதிட்டான்னு. மூணாவது பீரியட்ல அதே நீங்கதான் சிரிச்சீங்க. முதல் பெஞ்ச்ல இருந்து கடைசி பெஞ்ச் வரைக்கும். சார்கூட சிரிக்கலை, அவரு வேலையில இருந்தாரு.

அந்த மார்ச்சுல கணக்குல 29. பேப்பர்ல நம்பர் வரலை. அக்டோபர்ல 33. ரெண்டு மார்க்கு. அதோட விட்டுட்டேன். உசிலம்பட்டில ஒரு லேத் பட்டறைல சேந்தேன், இப்ப மதுரைல சொந்தமா ரெண்டு மிசின் ஓடுது. டேப்பர் டர்னிங், அதான் இரும்பைக் கூம்பு மாதிரி சரிவாக் கடையிற வேலை, வந்தா பெரிய டயால இருந்து சின்ன டயாவைக் கழிச்சு, நீளத்தை ரெண்டால பெருக்கி, அதால வகுத்தா டேன் வேல்யூ, அதுக்கு உண்டான டிகிரிக்கு டூல் உக்காந்திருக்கிற காம்பவுண்ட் ஸ்லைடைத் திருப்பணும். எங்க மேஸ்திரி அதை ஒரு துண்டு பேப்பர்ல எழுதிக் குடுத்தாரு, அவரு அஞ்சாப்பு. டேன் தீட்டான்னு ஒண்ணைப் பாத்து பயந்து படிப்பை விட்டவன் முப்பது வருசமா அதுலதான் சோறு திங்குறேன். ஒரு நாள்கூட கை ஓங்காமத்தான் அவரு சொல்லிக் குடுத்தாரு.

கூட்டுத்தொடர் ஃபார்முலாவும் இப்ப தெரியும். என் இன்டு என் பிளஸ் ஒன் பை டூ. பொன்னாடைக்கு என் பங்கு காசு குடுக்க மாட்டேன். வேற எதுக்குனாலும் குடுக்கிறேன்.

கடைசி பெஞ்ச்:
டேய்.

நான் அதை எழுதும்போது யாருன்னு நெஜமாவே ஞாபகம் இல்லைடா. என்ன சொல்றதுன்னு தெரியலை. சிரிச்சேன், ஆமா. அடுத்து என் நோட்டுதான் இருந்துச்சு, எனக்கும் நாலு தப்பு, பெல் அடிச்சதால தப்பிச்சேன். தப்பிச்ச சந்தோசத்துல சிரிச்சனா என்னன்னு இப்ப தெரியலை. அந்த அடி இல்லைன்னா நாமெல்லாம் என்ன ஆயிருப்போம்னு எழுதினதை எடுத்துர்றேன்.

லேத்:
எடுக்காத. இருக்கட்டும்.

ரயில் பார்ட்டி:
நான் உனக்கு அடுத்து உக்காந்திருந்தவன். அன்னைக்கு சாயங்காலம் வண்டில நீ கதவோரம் நின்னுட்டே வந்த, உக்காரவே இல்லை. சார் எதுத்த சீட்டுல பேப்பர் திருத்திட்டு இருந்தாரு, தள்ளி உக்காந்து எனக்கு இடம் குடுத்தாரு. நான் உக்காந்துட்டேன். அவருகிட்டயும் ஒண்ணும் கேக்கலை, உன்கிட்டயும் வரலை. நீ எறங்குற ஸ்டேஷன் வந்ததும் ஜன்னலைப் பாத்துக்கிட்டேன். லாக் 2 கதையைப் பெருமையா எழுதினேன்ல, இதையும் சேத்துத்தான் எழுதியிருக்கணும்.

முதல் பெஞ்ச்:
இப்ப ஸ்கூல்ல கை வைக்கவே முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு, அதுல 17வது பிரிவு, உடம்புலயும் அடிக்கக் கூடாது, மனசு நோகுற மாதிரியும் நடத்தக் கூடாதுன்னு ரெண்டையும் சேத்தே போட்டிருக்கு. எங்க ஸ்டாஃப் ரூம்ல பழைய ஆளுங்க கை கட்டிப்போட்டுட்டாங்கன்னு பொலம்புவாங்க. நான் அடிக்கிறதில்லை. ஆனா நேத்து ஒரு பிள்ளை தப்பா வாசிச்சப்ப கிளாஸ் சிரிச்சுச்சு, நான் சட்டுனு நிறுத்தலை, எனக்கும் லேசா சிரிப்பு வந்துருச்சு. நீங்க எழுதினதைப் படிச்சதுல இருந்து அந்தப் பிள்ளை மூஞ்சிதான் கண்ணு முன்னாடி நிக்குது. நாளைக்குப் போய்ப் பேசணும்.

அந்தப் பையன் நீங்கதான்னு இத்தனை வருசமா தெரியாம உங்க வரியை போர்டுல எழுதிட்டு இருந்திருக்கேன் பாருங்க. பேரைச் சொல்லியே இனி எழுதலாமா?

லேத்:
எழுதுங்க டீச்சர். பேரு வேண்டாம், வரி மட்டும் போதும்.

ஷார்ஜா:
பிரம்பு போட்டோ வேண்டாம்ப்பா, நான் சொன்னதை விட்ருங்க.

கடைசி பெஞ்ச்:
பொன்னாடையை என்ன செய்யிறதுன்னு நேர்ல பேசிக்குவோம். சிலருக்குப் போத்தணும்னு இருக்கு, அவங்களை வேண்டாம்னு சொல்ல முடியாது. தமிழ் ஐயா படத்தைப் பெருசா பிரேம் போட்டு வைக்கிற செலவு லேத்தோடது, அது அவனே கேட்டு வாங்கிக்கிட்டது. மாப்ள, நீ வருவேல்ல? மதுரைல இருந்து காலைல போடி வண்டி இருக்கு, 2010 கடைசில மீட்டர்கேஜை நிறுத்தினப்ப இனி ரயிலே வராதுன்னு நெனச்சோம், 2022ல தேனி வரைக்கும் விட்டாங்க, மறுவருசம் போடி வரைக்கும் போயிருச்சு. சும்மா பறக்குது இப்ப, ஆட்டுக்காரன் முந்த முடியாது.

லேத்:
வருவேன். முந்தின நாளே எங்க ஊருக்குப் போயிருவேன், அம்மா அங்கதான் இருக்கு. ஆனா ரயில்ல வர முடியாது மாப்ள. பிராட்கேஜ் ஆக்கினப்ப எங்க ஊர் ஸ்டேஷனைக் கழிச்சுட்டாங்க, வண்டி நிக்காம ஊதிட்டுப் போயிரும். கட்டடம் மட்டும் கூரை இல்லாம நிக்குது. அஞ்சு கிலோமீட்டர்தானே, காலைல நடந்தே வந்துர்றேன். எத்தனை மணிக்குக் கூடுறீங்க?