எண்ணெய்ப் பற்றுப்பட்டை: ‘ஸ்மியர் ஜோன்’ என்பதற்கு ஒரு பரிந்துரை

> எரிபொருள் குழாய் கசிந்த இடத்தில், நிலத்தடி நீர்மட்டம் ஏறி இறங்கும்போது எண்ணெய் அப்பிக்கொள்ளும் மண்ணுக்கு ‘தீற்றல் மண்டலம்’ என்று வைக்கலாமா? இராமநாதபுரம் கடலோரக் கையேட்டுக்கு வேண்டும்.

வணக்கம் அம்மா,

‘தீற்றல்’ வேண்டாம் என்பது என் கருத்து. தீற்றியது மேற்பரப்போடு நின்றுவிடும். இங்கே எண்ணெய் மணல் துளைகளுக்குள் புகுந்து சிக்கிக்கொள்கிறது. பம்பு வைத்து இழுத்தாலும் முழுதாக வராது. ஆனால் அதை உரசிக்கொண்டு ஓடும் தண்ணீரில் எரிபொருளிலுள்ள பென்சீன் என்ற நச்சு ஆண்டுக்கணக்கில் கரைந்துகொண்டே இருக்கும். சோற்றுப் பானையில் ஒட்டிக் காய்ந்ததைப் பற்று என்கிறோமே, அந்தப் பற்றுதான் இது. ‘எண்ணெய்ப் பற்றுப்பட்டை’ என்று வைப்போம்.

மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம் பக்கத்து மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக நிற்கிறது. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 0.75, டீசலுக்கு 0.84. இரண்டும் அந்த நன்னீரின் தலையில்தான் போய் உட்காரும். ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் கோரி எடுப்பதும் அதே மேல்மட்டத் தண்ணீரைத்தான். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். மேலே எண்ணெய் ஆடை தெரியாத தண்ணீரிலும் அதைப் போலப் பல மடங்கு இருக்கலாம்.

ஆனி, ஆடியில் நீர்மட்டம் 4 மீட்டர் ஆழத்திலும் கார்த்திகையில் 1.5 மீட்டரிலும் நிற்கும் இடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இடையிலுள்ள 2.5 மீட்டரும் பற்றுப்பட்டை. எண்ணெயையும் மட்டத்தையும் கண்காணிக்கப் போடும் நோக்குக் கிணற்றில், நீரும் எண்ணெயும் உள்ளே வரத் துளையிட்ட குழாய்ப் பகுதி 1 மீட்டரில் தொடங்கி 5 மீட்டர் வரை இருக்க வேண்டும். ஆழ்துளைக் கிணறு (போர்) போடுகிறவர்கள் பழக்கத்தில் துளைப்பகுதியை அடியில் மட்டும் வைத்துவிடுகிறார்கள். மிதக்கும் எண்ணெய் அந்தக் கிணற்றுக்குள் வரவே வராது, ‘எண்ணெய் இல்லை’ என்று அறிக்கை போய்விடும்.

இன்னொரு ஏமாற்று மழைக்காலத்தில் நடக்கும். நீர்மட்டம் ஏறியதும் எண்ணெய் தண்ணீருக்கடியில் துளைகளில் மாட்டிக்கொள்ளும். கிணற்றில் 40 செ.மீ. இருந்த எண்ணெய் 2 செ.மீ. ஆகும், சில சமயம் காணாமலே போகும். சுத்தமாகிவிட்டது என்று பம்பை எடுத்துவிடுவார்கள். பங்குனியில் மட்டம் இறங்கியதும் எண்ணெய் திரும்ப வடிந்து வந்து நிற்கும். இந்த ஏற்ற இறக்கத்தைச் சொல்லாத பெயர் கையேட்டுக்கு உதவாது.

*

ஐயா, வணக்கம்.

‘பற்று’ சரி. ‘பட்டை’ எனக்கு உறுத்துகிறது. மரப்பட்டை, நிறப்பட்டை என்று ஏற்கெனவே பல பொருள். ‘பற்றடுக்கு’ என்றால் என்ன?

அளவீட்டைப் பற்றியும் இரண்டு வரி சேருங்கள். எண்ணெய் மிதக்கும் கிணற்றில் அதன் எடை தண்ணீரைக் கீழே அழுத்தும்; அதனால் தண்ணீரின் மட்டத்தை அப்படியே எழுதக் கூடாது. 50 செ.மீ. டீசல் நின்றால் 0.84-ஆல் பெருக்கி 42 செ.மீ. கூட்டித்தான் எழுத வேண்டும். நம் கடலோரம் தட்டை. நூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு கிணறுகளுக்கு மட்ட வேறுபாடு சில செ.மீ.தான் இருக்கும். திருத்தம் விட்டுப்போனால் தண்ணீர் ஓடும் திசையே வரைபடத்தில் தலைகீழாகும். பாதுகாக்க வேண்டிய ஊற்று ஒரு பக்கம் இருக்க, மாதிரி எடுப்பது மறுபக்கமாகிவிடும். கரைக்கு நெருங்கிய கிணறுகளில் கடல் ஏற்றவற்றமும் தெரியும். அதனால் எல்லாக் கிணறுகளையும் ஒரு மணி நேரத்துக்குள் அளந்து முடிக்க வேண்டும்.

*

அம்மா,

‘அடுக்கு’ என்றால் மண் வகை மாறுகிறது என்று பொருள் கொள்வார்கள். களிமண் அடுக்கு, மணல் அடுக்கு என்றுதான் ஆழ்துளைக் கிணற்றுக் குறிப்பில் எழுதுகிறோம். பற்று ஒரே மணலுக்குள்ளேயே இருக்கலாம், இரண்டு அடுக்குகளில் பரவியும் இருக்கலாம். அதனால் பட்டையே இருக்கட்டும். முன்னால் ‘எண்ணெய்ப் பற்று’ வருவதால் மரப்பட்டையோடு யாரும் குழப்ப மாட்டார்கள்.

உங்கள் திருத்தக் கணக்கு அவசியம் வர வேண்டும். சுத்திகரிப்புப் பத்தியை இப்படி மாற்றுகிறேன்: மட்டம் தாழ்ந்திருக்கும் பங்குனி முதல் ஆடி வரை மிதக்கும் எண்ணெயை, மேலே நிற்பதை மட்டும் வழித்தெடுக்கும் வழிப்பு பம்பால் எடுக்க வேண்டும். பற்றுப்பட்டை அப்போது காற்றுபடத் திறந்திருப்பதால், மண்ணாவியை (மண் துளைகளில் நிற்கும் எரிபொருள் ஆவியை) உறிஞ்சும் வேலையையும் அந்த மாதங்களில்தான் முழு வேகத்தில் ஓட்ட வேண்டும். மழையில் மூழ்கிய பட்டையிலிருந்து உறிஞ்சினால் தண்ணீர்தான் வரும்.

கடலுக்குத் தள்ளியுள்ள ஊர்களில் செய்வதுபோல் தண்ணீரை அடித்து இறைத்து எண்ணெயைக் கிணற்றை நோக்கி இழுக்கும் முறையை இங்கே தவிர்க்க வேண்டும். உப்புநீர் மேல் மிதக்கும் நன்னீரின் ஆழத்தைச் சொல்லும் கிபன்–ஹெர்ஸ்பெர்க் கணக்குப்படி, நன்னீர் மட்டம் 10 செ.மீ. நிரந்தரமாகத் தாழ்ந்தால் அடியிலுள்ள உப்புநீர் 4 மீட்டர் வரை மேலேறும். எண்ணெயை எடுக்கப் போய் ஊற்றை உப்பாக்கினால் அந்த ஊருக்கு இரட்டை இழப்பு. மட்டத்தை வாரந்தோறும் பாருங்கள், கூடவே உப்பு ஏறுவதைக் காட்டும் மின்கடத்துதிறனையும் அளந்து எழுதுங்கள்.

பட்டியலுக்கான வரையறை: எண்ணெய்ப் பற்றுப்பட்டை – நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தால், அதன் மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் இடையே மண் துளைகளில் எரிபொருள் தங்கிப்போன பகுதி. நுண்புழை ஏற்றத்தால் (நுண்ணிய துளைகள் திரவத்தை மேலே இழுப்பதால்) மேல் எல்லை சற்று உயர்ந்திருக்கலாம். நுண்மணலில் இந்த உயர்வு கூடுதல்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.