சென்னையிலிருந்து நாகப்பட்டினம் ரயில் ஏன் திருவாரூரைச் சுற்றி வருகிறது?

ஓசூர்க்காரி:

வணக்கம். அடுத்த மாதம் அம்மாவை நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் அழைத்துப் போகிறேன். இரண்டு இடத்துக்கும் வேண்டிக்கொண்டிருக்கிறார், எங்கள் வீட்டில் இது புதிதில்லை. சென்னையில் அக்கா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு அங்கிருந்து கிளம்புவதாகத் திட்டம். அம்மாவுக்கு முழங்கால் வலி. ராத்திரி பஸ் சரிப்படாது, ரயில்தான்.

மேப்பைப் பார்த்தால் ஒன்று புரியவில்லை. சென்னையும் கடலோரம், நாகையும் கடலோரம். ஆனால் ரயில் மயிலாடுதுறையிலிருந்து உள்ளே திருவாரூர் வரை இறங்கி, அங்கிருந்து கிழக்கே திரும்பிக் கடலுக்கு வருகிறது. போதாததற்கு நாகையைத் தாண்டி மறுபடி வடக்கே ஏறி, நாகூர் வழியாகக் காரைக்காலில் போய் முடிகிறது. கோணல்மாணலாக இதை யார் போட்டார்கள்?

அப்புறம், ஆபீஸில் ஒரு நாகைக்காரர் இருக்கிறார். தெற்கே முதல் ரயில் ஓடியதே எங்கள் ஊரில்தான் என்று சத்தியம் செய்கிறார். உண்மையா? வேளாங்கண்ணி வரை ரயிலிலேயே போய்விடலாமா, நாகையில் இறங்குவது நல்லதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய புக்கிங் கிளார்க்:

உங்கள் நண்பருக்கு ஊர்ப்பாசம் கொஞ்சம் அதிகம். தெற்கே முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா பக்கம் போனது. அது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. நாகைக்கு வந்தது வேறு கம்பெனி, கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே. தலைமையிடம் நாகப்பட்டினமேதான். 1861-ல் நாகையிலிருந்து தஞ்சாவூர், மறு வருடம் திருச்சி. முதல் ரயில் இல்லையென்றாலும், சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கு நேர்ப்பாதை வருவதற்குப் பல வருடம் முன்பே நாகையிலிருந்து தஞ்சாவூருக்கு ரயிலில் போகலாம். அந்தப் பெருமையை அவர் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும்.

உங்கள் கேள்விக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. நீங்கள் சென்னையில் நின்றுகொண்டு பாதையைப் பார்க்கிறீர்கள், அதனால் கோணலாகத் தெரிகிறது. துறைமுகத்தில் நின்று மேற்கே பாருங்கள். நாகை, சிக்கல், கீவளூர், அடியக்கமங்கலம், திருவாரூர், தஞ்சாவூர், திருச்சி என்று நூல் பிடித்த மாதிரி போகும். டெல்டாவின் விளைச்சல் கடலுக்கு வர வேண்டும், கப்பலில் வந்தது உள்நாட்டுக்குப் போக வேண்டும். கம்பெனியின் கணக்கு அவ்வளவுதான். சென்னை அதில் எங்கேயும் இல்லை. 1868-ல் அதே பாதை கரூர் வழியாக ஈரோட்டைத் தொட்டது. அங்கே கேரளக் கடலோரத்துப் பேப்பூருக்குப் போகும் மெட்ராஸ் ரயில்வே பாதை முன்பே ஓடிக்கொண்டிருந்தது. ஆக, வங்கக் கடலோரம் ரயிலேறி அரபிக் கடலோரம் இறங்கலாம் என்று ஆயிற்று. இன்றைக்கும் காரைக்கால் – எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ் தஞ்சாவூர், திருச்சி, ஈரோடு, கோவை என்று பெரும்பாலும் அந்தப் பழைய தடத்தில்தான் போகிறது.

சென்னைப் பாதை சிதம்பரம், மாயவரம் (இப்போதைய மயிலாடுதுறை), கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூரை எட்டியது 1870-களின் கடைசியில். அது நாகைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்கு 1894-ல் ஒரு பாதை வந்தது. அதற்குப் பணம் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. ரயிலுக்கென்று தனி வரி வசூலித்து, ஜில்லாக்காரர்கள் காசில் போட்ட பாதை. இப்போது எத்தனை பேருக்கு இது தெரியும்? அந்தப் பாதை நாகைப் பாதையைக் குறுக்கே வெட்டிய இடம்தான் திருவாரூர் ஜங்ஷன். சென்னையிலிருந்து வருபவர்கள் ஜில்லா போர்டு பாதையில் இறங்கி, திருவாரூரில் துறைமுகப் பாதைக்கு மாறி வருகிறீர்கள். சுற்றுவதாகத் தோன்றுவது அதனால்தான்.

கடலோரமாக நேரே வரக்கூடாதா என்றால், நடுவில் காரைக்கால். பிரெஞ்சுக்காரர் ஊர். 1898-ல், மாயவரம் – திருவாரூர் பாதையில் இருக்கும் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு ஒரு கிளை வந்தது. 1899-ல் நாகையிலிருந்து நாகூருக்கு ஒரு கிளை வந்தது. இரண்டுக்கும் நடுவே பத்துக் கிலோமீட்டர் சுமாருக்குத்தான் தண்டவாளம் இல்லை. அந்த இடைவெளியை அடைத்தது 2011-ல்! அதற்குள் பேரளம் – காரைக்கால் கிளையை எண்பதுகளில் மூடி, தண்டவாளத்தையும் பிடுங்கியாகிவிட்டது. ஒரு முனையைக் கட்டினால் மறு முனையை அவிழ்ப்பது எங்கள் பகுதிக்கு வாய்த்த விதி. இப்போது பேரளம் பாதையைத் திரும்பப் போட்டு 2025-ல் சோதனை ஓட்டமும் விட்டார்கள். சென்னை வண்டி அந்த வழியில் வந்தால் திருவாரூருக்கு இறங்காமல் நேரே காரைக்கால், நாகூர், நாகை என்று வந்துவிடலாம். நீங்கள் மேப்பில் தேடிய கோடு அதுதான்.


சிக்கல் சீசன் டிக்கெட்:

ஐயா வரலாற்றைச் சொல்லிவிட்டார். நான் தினமும் சிக்கலில் ஏறித் திருவாரூர் போகிறவன், நடைமுறையைச் சொல்கிறேன்.

அக்கா, எழும்பூரிலிருந்து ராத்திரி கிளம்பும் காரைக்கால் எக்ஸ்பிரஸைப் பிடியுங்கள். விடியற்காலையில் இந்தப் பக்கம் வந்துவிடும். ஆனால் நாகையில் இறங்காதீர்கள். அதே வண்டி நாகூர் வழியாகத்தான் போகிறது. தூங்கி எழுந்து நாகூரிலேயே இறங்கி, ஆட்டோ பிடித்து தர்காவுக்குப் போய்விடுங்கள். அம்மாவுக்கு ஒரு அலைச்சல் மிச்சம். அதை முடித்துக்கொண்டு பஸ்ஸில் நாகை, அங்கிருந்து வேளாங்கண்ணி.

வேளாங்கண்ணிக்கு ரயில் இருக்கிறது, 2010 கடைசியில் விட்டார்கள். நாகையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் கிளை. ஆனால் உள்ளூரில் யாரும் அதை நம்பிக் கிளம்ப மாட்டார்கள். அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் பஸ்ஸில் போய் மாதாவைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியே வந்துவிடலாம். அந்த ஸ்டேஷனால் லாபம் வெளியூர்க்காரர்களுக்குத்தான். எர்ணாகுளத்திலிருந்து கொல்லம், செங்கோட்டை வழியாக வாரம் இரண்டு நாள், கோவாவின் வாஸ்கோவிலிருந்து வாரம் ஒரு நாள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. ஸ்பெஷல் வண்டியெல்லாம் விடுவார்கள், ஆனால் முழங்கால் வலிக்காரரை அந்தக் கூட்டத்தில் கூட்டி வராதீர்கள்.

இன்னொரு விஷயம். ஓசூரில் இருந்துகொண்டு சென்னையைச் சுற்ற வேண்டுமா? பெங்களூரு – காரைக்கால் வண்டி ஓசூர், தருமபுரி, சேலம், விருத்தாசலம் வழியாகத்தான் வருகிறது. பகல் வண்டி. நாள் முழுக்க உட்கார வேண்டும் என்பதுதான் தொல்லை. அக்காவைப் பார்ப்பது முக்கியம் என்றால் சென்னை வழியே சரி.


கிள்ளான் பேரன்:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். என் தாத்தா திருத்துறைப்பூண்டிப் பக்கம். முப்பதுகளில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். ரஜூலா கப்பல். அதற்கு முன் டிப்போவில் வைத்து டாக்டர் பார்த்து, அம்மை குத்தி, தகரத் தட்டில் சோறு போட்டார்களாம். கப்பல் கரைக்கு வராதாம். தூரத்தில் நின்றுகொண்டிருக்குமாம், படகில் கொண்டுபோய் ஏற்றுவார்களாம். ரயிலைப் பற்றி மட்டும் அவர் அதிகம் பேசியதில்லை. அப்படிக் கப்பலுக்கு வந்தவர்கள் எல்லாரும் இந்த ஸ்டேஷனில்தான் இறங்கினார்களா? ஐயாவுக்கு அந்தக் காலம் தெரியுமா?


பழைய புக்கிங் கிளார்க்:

தம்பி, ரஜூலா என் காலத்துக்கு முந்தியது. 1926-ல் கட்டிய கப்பல், எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடியது. உங்கள் தாத்தா சொன்னது சரி. மலாயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போகிறவர்களைச் சோதித்து அனுப்பும் டிப்போ சென்னைப் பக்கம் ஆவடியில் ஒன்று, நாகையில் ஒன்று. திருச்சி, சேலம் பக்கத்து ஆட்களுக்கெல்லாம் நாகைதான். ரயிலில் வந்தவர்கள் இங்கேதான் இறங்கியிருப்பார்கள். திருத்துறைப்பூண்டிக்காரர் மாட்டுவண்டியில் வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை, தூரம் அப்படி.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எம்.வி. சிதம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அது வந்த நாளில் ஸ்டேஷனுக்கே வேறு முகம். மீட்டர்கேஜ் வண்டி, சின்ன பிளாட்பாரம். பார்சல் ஆபீஸ் தராசுக்கு முன்னால் ட்ரங்குப் பெட்டிகள் வரிசை கட்டி நிற்கும். வெள்ளை பெயின்டில் பெயரும் ஊரும் எழுதியிருக்கும். எடைக்கு மேல் இருந்தால் லக்கேஜ் சார்ஜ் போட வேண்டும். அதற்குள் போர்ட்டர், "சார், வெறும் சிங்கப்பூர் சவுக்காரம்தான் சார்" என்று பெட்டிக்காரருக்காகப் பரிந்து பேசுவார். கோடாலித் தைல வாசனை டிக்கெட் ஜன்னல் வழியாக உள்ளே வரும். கையில் இருக்கும் நோட்டெல்லாம் புத்தம் புதிதாக ஒட்டிக்கொண்டிருக்கும், எச்சில் தொட்டு எண்ண வேண்டும். எண்பதுகளின் நடுவில் நடுக்கடலில் தீப்பிடித்து அந்தக் கப்பல் நின்றது. அத்தோடு எங்கள் கப்பல் நாளும் போயிற்று.

அதே பிளாட்பாரத்தில் இன்னொரு பக்கம் மீன் கூடை. மூங்கில் கூடையில் ஐஸைக் கொட்டி, மேலே கோணி வைத்துத் தைத்து பிரேக் வேனில் ஏற்றுவார்கள். வண்டி போன பிறகும் பார்சல் ஆபீஸிலிருந்து பிளாட்பாரம் ஓரம் வரை உப்புத் தண்ணீர்க் கோடு காயாமல் கிடக்கும். நாகூர் தர்காவின் கந்தூரி விழா சமயத்தில் நாகூர் டிக்கெட்டுக்குத் தனி ஜன்னல். பதினான்கு நாளும் அட்டை டிக்கெட்டைக் கட்டுக்கட்டாகப் பிரித்து வைத்து, தேதி மெஷினில் டக் டக்கென்று குத்திக் கொடுத்தால் சாயந்திரம் தோள்பட்டை தெறிக்கும். ஆனால் நாகூரிலிருந்து திரும்பும் யாராவது இறால் வைத்த வாடா ஒரு பொட்டலம் ஜன்னலில் நீட்டிவிட்டுப் போவார்கள். அதற்காகவே கந்தூரி டியூட்டி கேட்டு வாங்கிய ஆட்கள் உண்டு, பெயர் வேண்டாம்.


பொன்மலைக்காரன்:

ஐயா, எங்கள் திருச்சி பொன்மலை ஒர்க்ஷாப்பே நாகையிலிருந்து வந்ததுதான் என்று அப்பா சொல்வார். அதையும் எழுதுங்கள்.


பழைய புக்கிங் கிளார்க்:

ஓ, எடுத்துக்கொண்டு போனவர்கள் நீங்கள்தானா! ஆமாம். பின்னாளில் இந்தப் பாதைகளை நடத்திய சவுத் இந்தியன் ரயில்வேயின் ஒர்க்ஷாப் நாகையில் இருந்தது. அதை 1920-களின் கடைசியில் பொன்மலைக்கு மாற்றினார்கள். மாற்றும்போது ஆட்குறைப்பு. அதை எதிர்த்துத்தான் 1928-ல் பெரிய ஸ்டிரைக். தொழிற்சங்கத் தலைவர்கள் சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் அந்தப் போராட்டத்துக்காகச் சிறைக்குப் போனார்கள். ரயில்வேக்காரர்கள் பேசும்போது பொன்மலை என்றால் தனி மரியாதை, அது சரிதான். ஆனால் இந்த ஊர் ஒரேயடியாக இளைத்தது அந்த ஒர்க்ஷாப் போன பிறகுதான் என்பது என் கருத்து. துறைமுகம் ஏற்கனவே சரிந்துகொண்டிருந்தது. ஆழம் இல்லை, கப்பல் வெளியே நிற்க வேண்டும், சரக்கைப் படகில் தூக்க வேண்டும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் துறைமுகம் வளர்ந்த பிறகு யார் இங்கே வருவார்கள்? மாதச் சம்பளக்காரர்கள் இருந்தவரை கடைத்தெருவாவது தாங்கியது. அவர்களும் குடும்பத்தோடு திருச்சிக்குப் போய்விட்டால்?

பாதையையும் சும்மா விடவில்லை. 1861-ல் போட்டது அகலப்பாதை. 1875-ல் அதைப் பிடுங்கி மீட்டர்கேஜ் ஆக்கினார்கள். இந்த நூற்றாண்டில் மறுபடி அகலப்பாதை. கொள்ளுத்தாத்தா காலத்து அகலத்துக்கு வந்து சேர எங்களுக்கு நூற்றிமுப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று.


சிக்கல் சீசன் டிக்கெட்:

இப்போது நாகை வழியாக அதிகம் ஓடுவது நிலக்கரி, ஐயா. காரைக்கால் துறைமுகத்திலிருந்து வரும் கூட்ஸ். அது வந்தால் எங்கள் வண்டி ஓரம் கட்டி நிற்கும். அக்கரைப்பேட்டை கேட்டில் மீன் லாரிகள் நிற்பதைக் கேட்கவே வேண்டாம்.

கப்பலும் திரும்ப வந்திருக்கிறது. 2023 அக்டோபரில் இலங்கையின் காங்கேசன்துறைக்கு விட்டார்கள். முதலில் செரியபாணி என்ற கப்பல், 2024 ஆகஸ்டிலிருந்து சிவகங்கை என்ற கப்பல். காலையில் ரயிலிறங்கிப் பெரிய பெரிய பையோடு துறைமுகத்துக்கு ஆட்டோ பேசுகிறவர்களைப் பார்க்கலாம். டிரைவர்கள் கேட்கும் வாடகை மட்டும் சிங்கப்பூருக்கே போய்விடும்.


ஓசூர்க்காரி:

எல்லாருக்கும் நன்றி. ஆபீஸ் நண்பருக்கு 1856 கணக்கை அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் வரவில்லை. சரி, நாகூரிலேயே இறங்குகிறோம். அம்மா, அக்கா, நான், அக்கா பையன் என்று நாலு பேர். அம்மாவுக்கு மட்டும் கீழ் பெர்த் கண்டிப்பாக வேண்டும். எப்படி எடுப்பது?


பழைய புக்கிங் கிளார்க்:

நாலு பேரையும் ஒரே டிக்கெட்டில் போடாதீர்கள். மூத்த குடிமக்களுக்கும் 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் கீழ் பெர்த் கோட்டா உண்டு. ஆனால் அந்த டிக்கெட்டில் ஒருவரோ இருவரோதான் இருக்க வேண்டும். அம்மாவுக்குத் தனியாக எடுங்கள். அக்காவுக்கும் 45 தாண்டியிருந்தால் இரண்டு பேரையும் ஒரு டிக்கெட்டில் போடலாம். நீங்களும் பையனும் வேறு டிக்கெட். இறங்கும் இடம் நாகூர் என்றே போடுங்கள். நாகப்பட்டினம் என்று எடுத்துவிட்டு நாகூர் வரை போனால் டிடிஇ கேட்பார், சின்ன தூரம்தானே என்று சொன்னாலும் விட மாட்டார். திரும்பும் டிக்கெட்டையும் இப்போதே எடுத்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சென்னை வண்டியில் இடம் கிடைப்பது கஷ்டம்.