மியூனிக்கில் புது வீடு, ஒன்றரை வயது வாலு, சமையலறை இல்லை. உதவுங்கள்!

வணக்கம் மக்களே. வரும் 1ஆம் தேதி மியூனிக்கில் ஒரு மூன்றாம் மாடி வீட்டுக்கு மாறுகிறோம். ஆறு மாதம் அலைந்து கிடைத்த வீடு என்பதால் குறை சொல்ல மனசு வரவில்லை, ஆனால் சாவி வாங்கப் போனபோதுதான் தெரிந்தது, சமையலறை என்றால் இங்கே நாலு சுவரும் ஒரு குழாயும் மட்டும்தான், சிங்க், அடுப்பு, அலமாரி எல்லாம் நாமே போட்டுக்கொள்ள வேண்டுமாம். மூன்று மாத வாடகையை டெபாசிட்டாகக் கொடுத்ததில் கை காலி. பழைய சமையலறையை வாங்கிப் பொருத்தியவர்கள் இருந்தால், அளவு ஒத்துவந்ததா, மொத்தம் எவ்வளவு ஆனது என்று சொல்லுங்கள். பால் காய்ச்ச ஒரு சின்ன இன்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறது, அது போதும்.

பெரிய கவலை ஜன்னல்தான். இந்த ஊர் ஜன்னல் கைப்பிடியை ஒரு பக்கம் திருப்பினால் மேலே மட்டும் சாய்கிறது, இன்னொரு பக்கம் திருப்பினால் முழுசாகத் திறந்துவிடுகிறது, கம்பியும் கிடையாது. எங்கள் பையனோ நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுகிற ரகம். பூட்டு வைத்த கைப்பிடியை நாமே மாற்றலாமா, இல்லை வீட்டு ஓனரிடம் கேட்க வேண்டுமா?

அப்புறம், இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது. இவன் 5 மணிக்கே எழுந்து மரத்தரையில் தடதடவென்று ஓடுவான். கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்காத மாதிரி என்ன விரிப்பு போட்டீர்கள்?

குடியேறிய 14 நாளுக்குள் முகவரியைப் பதிய வேண்டுமே, அதற்குக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா?