மேக்ரோ: தாள்களைப் புதிய கோப்புக்கு எடுக்கும்போது பிழை 9 - அவசர உதவி

வலைக்கடை | பி.ப. 2.10
வணக்கம். எக்செல் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்ய எழுதும் கட்டளைத் தொகுப்பு) ஒன்று அடம்பிடிக்கிறது. மாதக் கணக்குக் கோப்பிலிருந்து சில தாள்களை மட்டும் புதிய கோப்பாகப் பிரித்துக் கொழும்பிலுள்ள முதலாளிக்கு அனுப்ப வேண்டும். சோதனைக் கோப்பில் அழகாக ஓடியது. உண்மையான கோப்பில் ஓடவிட்டால் பிழை 9 என்று நின்றுவிடுகிறது. எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். நாலரைக்கு முன் அனுப்பியாக வேண்டும். நீர்கொழும்புப் படகுக்காரர்கள் பருவத்துக்கு வந்துவிட்டார்கள், கடை நிறைய ஆட்கள். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

சாம்பல்தீவான் | 2.16
எந்த எக்செல்? எந்த வரியில் நிற்கிறது? கோப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது? அந்த ஒரு வரியையாவது இங்கே எழுதுங்கள். "எல்லாம் சரி" என்பதை வைத்துக்கொண்டு எதைச் சொல்வது?

பாலையூற்று மலர் | 2.19
கோப்பு மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்ததா? இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசொஃப்ட் 2022 முதல் தானாகவே தடுக்கிறது. கோப்பை வலச்சொடுக்கி, பண்புகள் சாளரத்தின் அடியில் தடைநீக்கும் கட்டம் இருக்கும். அதில் சரி அடையாளம் இடுங்கள். எங்கள் அலுவலகத்தில் வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை இதுதான்.

கொட்டியாரக் குடா | 2.24
மலர் அக்கா, தடுத்திருந்தால் மேக்ரோ தொடங்கவே தொடங்காது. இவருக்குத் தொடங்கி நடுவில் விழுகிறது. பிழை 9 என்றால், கேட்ட பெயரில் ஒரு தாளோ கோப்போ அங்கே இல்லை என்று பொருள்.

மூத்த கணக்காளர் | 2.31
தம்பி, இந்தக் கேள்விக்கு இந்த இடத்திலேயே பலமுறை பதில் எழுதியாயிற்று. தேடிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. தாளின் பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எக்செலுக்குத் தெரியும். பெயரை முழுவதுமாக அழித்துவிட்டு மறுபடி தட்டச்சு செய்யுங்கள். மேக்ரோ எழுதுகிறவர்கள் முதலில் பெயர் வைக்கப் பழக வேண்டும்.

வலைக்கடை | 2.40
தம்பி அல்ல ஐயா, தங்கை. எக்செல் 2016. கணினியில் இணையம் இல்லை, கைப்பேசியில் எழுதுகிறேன், ஆகவே வரியை ஒட்ட முடியாது. ஷீட்ஸ், அதற்குள் அரே (பட்டியல்), அதற்குள் தாள்களின் பெயர்கள் மேற்கோள் குறிக்குள், கடைசியில் புள்ளி கொப்பி. அந்த வரிதான் மஞ்சளாகிறது. பெயர்களைத் தாளின் அடிப்பட்டையிலிருந்து அப்படியே கொப்பி எடுத்து ஒட்டினேன், இடைவெளி வர வழியில்லை.

சாம்பல்தீவான் | 2.46
எனக்குத் தெரிந்துவிட்டது. கொப்பி என்ற கட்டளைக்கு எங்கே வைப்பது என்று சொல்லாவிட்டால் எக்செல் ஒரு புதிய கோப்பைத் திறந்து அதில் வைக்கும். திறந்த நொடியிலிருந்து புதிய கோப்புத்தான் முன்னால் நிற்கும். அடுத்த வரி "ஷீட்ஸ்" என்று மொட்டையாகக் கேட்டால் புதிய கோப்பில்தான் தேடும். அங்கே அந்தத் தாள் இருக்காது, பிழை 9 வரும். ஒவ்வொரு ஷீட்ஸுக்கும் முன்னால் திஸ்வேர்க்புக், ஒரு புள்ளி என்று சேருங்கள். நான் இதில் ஒரு மாலை முழுவதும் மண்டையை உடைத்திருக்கிறேன்.

கொட்டியாரக் குடா | 2.49
அது ஒவ்வொன்றாகச் சுற்றில் எடுத்தால் வரும் பிழை. இவர் அரே போட்டு ஒரே வரியில் எடுக்கிறார், அந்த வரியே விழுகிறது. திஸ்வேர்க்புக் சேர்ப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் நோய் வேறு. தங்கையே, தாள்களின் பெயர்கள் என்ன? அப்படியே எழுதுங்கள்.

வலைக்கடை | 2.57
ஊர்ப் பெயர்கள்தான். குச்சவெளி, கிண்ணியா, மூதூர், வெருகல், திருகோணமலை பட்டினமும் சூழலும், பிறகு மொத்தம்.

தம்பலகாமத்தான் | 3.01
அகப்பட்டது! தாளின் பெயர் 31 எழுத்தைத் தாண்டக் கூடாது. "திருகோணமலை பட்டினமும் சூழலும்" தாண்டியிருக்கும். பிரதேச செயலகப் பிரிவின் பெயரை முழுமையாக வைக்க வேண்டும் என்று யார் சொன்னது? பட்டினம் என்று சுருக்குங்கள்.

பாலையூற்று மலர் | 3.06
எண்ணிப் பார்த்தேன், 29தான் வருகிறது. எக்செல் எண்ணும் முறையில் சொல்கிறேன்: விசிறி, கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும் தனி எழுத்து. நம் கண்ணுக்குத் திருகோணமலை ஆறு எழுத்து, அதற்குப் பத்து. எல்லை தாண்டியிருந்தால் அந்தப் பெயரை வைக்கவே விட்டிருக்காது. ஆனால் தம்பலகாமத்தார் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம்: புதிய கோப்பில் பெயருக்குப் பின்னால் "ஜூன்" என்று சேர்க்கப் போனால் 34 ஆகிவிடும், பிழை 1004 என்று விழும்.

கொட்டியாரக் குடா | 3.08
பெயர்கள் தமிழிலா?

வலைக்கடை | 3.11
தமிழில்தான். வேறு எதில்?

கொட்டியாரக் குடா | 3.13
மேக்ரோ எழுதும் சாளரத்தில் அந்தப் பெயர்கள் எப்படித் தெரிகின்றன? கேள்விக்குறிகளாகவா?

வலைக்கடை | 3.15
ஆம், வரிசையாகக் கேள்விக்குறி. எழுத்துரு இல்லாததால்தானே அது? இந்தக் கணினியில் பல இடங்களில் அப்படித்தான் தெரியும்.

கொட்டியாரக் குடா | 3.27
எழுத்துரு அல்ல, விஷயமே அதுதான். எக்செல் தாளுக்கு யுனிகோட், அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடு, தெரியும். மேக்ரோ எழுதும் சாளரம் பழைய காலத்தது, யுனிகோட் தெரியாது. நீங்கள் ஒட்டிய மூதூர் உள்ளே போகும்போதே கேள்விக்குறிகளாக மாறிவிட்டது. தெரிவது மட்டும் அல்ல, சேமிக்கப்பட்டதும் கேள்விக்குறிதான். அந்தப் பெயரில் ஒரு தாளைத் தேடினால் எங்கிருந்து கிடைக்கும்? சோதனைக் கோப்பில் தாள்களுக்கு எக்செல் தானாக வைத்த ஆங்கிலப் பெயர்கள் இருந்திருக்கும், அதனால் ஓடியது.

செய்ய வேண்டியது: ஆல்ட்டையும் எஃப்11ஐயும் சேர்த்து அழுத்தி மேக்ரோ சாளரத்துக்குப் போங்கள். இடப்பக்கம் தாள்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர்கள்: அடைப்புக்குறிக்குள் இருப்பது நீங்கள் வைத்தது, முன்னால் இருப்பது எக்செல் வைத்த உட்பெயர். ஷீட்1, ஷீட்2 என்று இருக்கும். தாளைத் தெரிந்துகொண்டு எஃப்4 அழுத்தினால் கீழே பண்புகள் வரும். முதல் வரிசையில் அந்த உட்பெயரை ஆங்கில எழுத்தில் உங்களுக்குப் பிடித்தபடி மாற்றலாம். பிறகு அரேக்குள் மேற்கோள் குறி இல்லாமல் உட்பெயர், புள்ளி, நேம் என்று வரிசையாக எழுதுங்கள். அடிப்பட்டையில் யார் பெயரை மாற்றினாலும் மேக்ரோ உடையாது.

சாம்பல்தீவான் | 3.30
அவ்வளவு எதற்கு? அரேக்குள் 2, 3, 5 என்று தாளின் வரிசை எண்ணைப் போட்டாலும் ஓடும்.

கொட்டியாரக் குடா | 3.32
ஓடும். யாராவது ஒரு தாளை இழுத்து இடம் மாற்றினால் தவறான தாளும் ஓடி முதலாளியிடம் போய்ச் சேரும்.

தம்பலகாமத்தான் | 3.34
விண்டோஸ் அமைப்பில் யுனிகோட் அல்லாத நிரல்களுக்கான மொழி என்று ஒன்று இருக்கிறது. அதைத் தமிழாக்கிக் கணினியை மறுபடி தொடக்கினால் போதாதா?

கொட்டியாரக் குடா | 3.38
ரஷ்யனுக்கும் அரபிக்கும் அது உதவும். அவற்றுக்குப் பழைய குறியீட்டுப் பக்கங்களை, அதாவது யுனிகோடுக்கு முந்திய எழுத்துப் பட்டியல்களை, விண்டோஸ் வைத்திருக்கிறது. தமிழுக்கு அப்படி ஒன்று கிடையாது. நேரம் போகும், அவ்வளவுதான்.

மேக்ரோவுக்குள் தமிழ் வேண்டுமென்றால் ஒவ்வோர் எழுத்தையும் எண்ணால் கட்ட வேண்டும். மூதூர் என்பதற்கு 2990, 3010, 2980, 3010, 2992, 3021. சிஎச்ஆர்டபிள்யூ என்ற கட்டளைக்கு இவற்றை ஒவ்வொன்றாகக் கொடுத்து இணைக்கலாம். அதைவிட, பெயர்களை ஒரு தாளின் கலங்களில் எழுதிவைத்து மேக்ரோவை அங்கிருந்து வாசிக்கச் சொல்வது எளிது. கலத்திலிருந்து வந்தால் தமிழ் சிதையாது. செய்திப் பெட்டியில் மட்டும் கேள்விக்குறியாகக் காட்டும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

மூத்த கணக்காளர் | 3.41
ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய எழுத்துருவான பாமினியில் பெயர் வைத்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. மேக்ரோ சாளரம் அதை ஆங்கில எழுத்தாகவே பார்க்கும், ஒரு கேள்விக்குறியும் வராது. நான் இன்றும் பாமினிதான். ஒரு நாளும் பிழை 9 பார்த்ததில்லை. யுனிகோட் யுனிகோட் என்று குதித்தவர்கள் இப்போது எண் போட்டு மூதூர் எழுதுகிறார்கள்.

பாலையூற்று மலர் | 3.46
ஐயா, பாமினியில் தாளின் பெயராக ஜனவரி என்று வைத்துக் காட்டுங்கள். பாமினியில் ஜ என்பது சதுர அடைப்புக்குறி. தாளின் பெயரில் அதை எக்செல் ஏற்காது. ஜூனும் இல்லை, ஜூலையும் இல்லை. ஷ என்பது பின்சாய்கோடு, அதுவும் தடை. அடிப்பட்டையில் எழுத்துருவை மாற்ற வழியில்லாததால் மற்றப் பெயர்களும் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். தேடினால் அகப்படாது, அகரவரிசையில் அடுக்கினால் தாறுமாறு. இலங்கையில் கணினித் தமிழுக்கு யுனிகோடை ஒட்டி எஸ்.எல்.எஸ். 1326 என்று தேசியத் தரமே வந்துவிட்டது.

மூத்த கணக்காளர் | 3.50
தை, ஆனி, ஆடி என்று வையுங்கள். தமிழ் மாதங்களுக்கு என்ன குறை?

பாலையூற்று மலர் | 3.53
தை பிறப்பது ஜனவரி நடுவில். உங்கள் அலுவலகத்தில் சம்பளம் பொங்கலன்றா போடுகிறார்கள்?

வலைக்கடை | 3.55
பிழை 9 போய்விட்டது. இப்போது அதே வரியில் 1004!!

மூத்த கணக்காளர் | 3.56
பெயருக்குள் சதுர அடைப்புக்குறி இருக்கிறதா என்று மலரைக் கேளுங்கள்.

சாம்பல்தீவான் | 3.58
1004 என்பது எக்செலின் பொதுப் பெருமூச்சு. முழுச் செய்தியும் வேண்டும். கோப்பின் கட்டமைப்புக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறதா? ஏதாவது தாள் மறைக்கப்பட்டிருக்கிறதா?

கொட்டியாரக் குடா | 4.00
மேக்ரோவை விடுங்கள். கன்ட்ரோலை அழுத்திப் பிடித்து அந்த ஆறு தாள்களையும் கையால் தெரிந்து, வலச்சொடுக்கி, புதிய கோப்புக்கு நகலெடுங்கள். எக்செல் என்ன சொல்கிறது?

வலைக்கடை | 4.04
அட்டவணை உள்ள தாள்களைக் கூட்டாக நகலெடுக்கவோ நகர்த்தவோ முடியாது என்கிறது.

கொட்டியாரக் குடா | 4.11
அதுதான். ஏதோ ஒரு தாளில் தரவை டேபிள் ஆக்கி வைத்திருக்கிறீர்கள், ஒன்றுவிட்டொரு வரிசை நிறம் மாறித் தெரியுமே, அது. ஒரு தாளில் அது இருந்தாலும் எக்செல் கூட்டமாகப் போக விடாது. ஒவ்வொன்றாக என்றால் விடும். ஆனால் ஒவ்வொன்றாக எடுத்தால் மொத்தம் தாளின் சூத்திரங்கள் எல்லாம் பழைய கோப்பையே பார்த்துக்கொண்டிருக்கும். கொழும்பில் திறந்தவுடன் இணைப்பைப் புதுப்பிக்கவா என்று கேட்கும். முதலாளியின் கணினியில் அந்தக் கோப்பு ஏது?

நேரம் இல்லை, எனவே சுருக்கு வழி: கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுங்கள். பிரதியில் டேபிளுக்குள் வலச்சொடுக்கி, டேபிள் என்பதில் சாதாரண வீச்சாக மாற்றும் கட்டளையைக் கொடுங்கள். நிறம் அப்படியே இருக்கும், சூத்திரங்களும் சாதாரண முகவரிகளாக மாறிவிடும். பிறகு மேக்ரோவை ஓட்டுங்கள். புதிய கோப்பைச் சேமிக்கும் வரியில் வடிவ எண் 51 கொடுங்கள், மேக்ரோ இல்லாத சாதாரணக் கோப்பாகும்.

இன்னொன்று. மொத்தம் தாள் இந்த ஐந்து ஊர்களை மட்டும்தான் கூட்டுகிறதா? தம்பலகாமமோ சேருவிலவோ வேறு தாளில் இருந்து அதையும் கூட்டினால் அந்த இணைப்புப் பழைய கோப்பிலேயே நிற்கும். அப்படியானால் புதிய கோப்பின் மொத்தத்தைக் கொப்பி செய்து அதே இடத்தில் மதிப்பாக ஒட்டிவிடுங்கள்.

மூத்த கணக்காளர் | 4.14
டேபிளை உடைக்கச் சொல்வது தவறான அறிவுரை. டேபிள் இல்லாத கணக்குக் கோப்பை நான் தொடவே மாட்டேன்.

கொட்டியாரக் குடா | 4.15
பிரதியில்தான் உடைக்கச் சொன்னேன், ஐயா.

தம்பலகாமத்தான் | 4.18
லிப்ரே ஒஃபிஸுக்கு வந்துவிடுங்கள். பேசிக் சாளரத்தில் தமிழை அப்படியே எழுதலாம். இலவசம்.

சாம்பல்தீவான் | 4.20
நாலரைக்கு அனுப்ப வேண்டியவரிடம் நாலு இருபதுக்கு மென்பொருள் மாற்றச் சொல்கிறீர்கள்.

வலைக்கடை | 4.33
போய்விட்டது. நன்றி. அவருக்கு இப்போது பிடிஎஃப் ஆக வேண்டுமாம்.

பாலையூற்று மலர் | 4.41
நல்லது. தங்கையே, உட்பெயரில் செய்தீர்களா, கலத்திலிருந்து வாசித்தீர்களா? பின்னால் வருகிறவர்களுக்குப் பயன்படும்.

மூத்த கணக்காளர் | 5.20
பதில் வராது, மலர். வேலை முடிந்தால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போகட்டும், பாமினி பற்றி நீங்கள் சொன்னதில் அகரவரிசைப் பகுதி மட்டும் சரி.

கந்தளாய்ச் சந்தி | மறுநாள் மு.ப. 9.05
இழையைப் படித்தேன். எங்கள் கோப்பில் பாதித் தாள்கள் சிங்களப் பெயரில் இருக்கின்றன. மேக்ரோ சாளரத்தில் இதே கேள்விக்குறிகள். ஆனால் எனக்கு எல்லாத் தாள்களும் வேண்டாம், எந்தெந்தத் தாள் என்பது மாதத்துக்கு மாதம் மாறும். உட்பெயர் முறை ஒத்துவருமா?

கொட்டியாரக் குடா | மு.ப. 9.40
சிங்களத்துக்கும் அதே நிலைமைதான், பழைய குறியீட்டுப் பக்கம் கிடையாது. உங்களுக்கு உட்பெயர் வேண்டாம். ஒரு தாளில் எல்லாப் பெயர்களையும் ஒரு நிரலில் எழுதி, பக்கத்து நிரலில் அந்த மாதம் வேண்டியவற்றுக்கு 1 போடுங்கள். மேக்ரோ 1 உள்ள பெயர்களை மட்டும் பொறுக்கி அரேயில் சேர்க்கட்டும். எக்செல் எது, டேபிள் இருக்கிறதா, எந்த வரியில் நிற்கிறது என்பதையும் எழுதுங்கள்.