உதவி: பொட்டாசியம் சேனலில் ஒரு அயனிகூடக் கடக்கவில்லை (அவசரம்)

குழப்பவாதி: வணக்கம். க்ரோமாக்ஸ் என்ற மூலக்கூறு சிமுலேஷன் மென்பொருளில், செல் சவ்வு வழியாகப் பொட்டாசியத்தைக் கடத்தும் கே.சி.எஸ்.ஏ. என்ற புரதச் சேனலை ஓட்டுகிறேன். புரதக் கட்டமைப்புக் கோப்பு 1கே4சி, ஃபோர்ஸ் ஃபீல்ட் (அணுக்களுக்கிடையிலான விசைகளைக் கணக்கிடும் விதிகள்) சார்ம்36, பி.ஓ.பி.சி. லிப்பிடால் ஆன சவ்வு, 120 மில்லிவோல்ட். 200 நானோசெகண்ட் ஓடியும் ஒரு அயனிகூடக் கடக்கவில்லை. அயனியைத் தேர்ந்தெடுத்து விடும் குறுகிய பகுதியான ஃபில்ட்டர் வேறு நெளிந்து கிடக்கிறது. வியாழக்கிழமை கைடிடம் காட்ட வேண்டும். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

தெற்குவாசல்: உப்பு எவ்வளவு, வெப்பநிலை என்ன, மின்னழுத்தத்தை எப்படிக் கொடுத்தீர்கள், எதையும் சொல்லவில்லையே. ஓட்டத்தின் அமைப்புகள் இருக்கும் எம்.டி.பி. கோப்பைப் போடுங்கள்.

லிப்பிட்_ராஜா: எதுவும் பார்க்க வேண்டாம். சார்ம்36தான் காரணம். பொட்டாசியம் சேனல்களில் அது மந்தம் என்பது ஊரறிந்த விஷயம். ஆம்பர் ஃபோர்ஸ் ஃபீல்டுக்கு மாறுங்கள்.

பழம்பெருச்சாளி: 1998-இல் மெக்கின்னன் குழு வெளியிட்ட சேனல் இது. 2003-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. இந்தத் துறைக்கு வருபவர்கள் முதலில் கை வைப்பதும் இதில்தான். தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது தம்பி, பயன்படுத்தலாம். 1கே4சி-யில் உள்பக்கக் கேட் மூடிய நிலையில் இருக்கிறது. செல்லின் உள்பக்கம் பி.எச். 4 அளவுக்கு இறங்கினால்தான் அது திறக்கும். மூடிய சேனலில் 200 நானோசெகண்ட் என்ன, 2,000 ஓட்டினாலும் ஒன்றும் வராது.

குழப்பவாதி: தம்பி இல்லை சார், தங்கச்சி. 310 கெல்வின், உப்பு 0.15 மோலார். இசட் திசையில் மின்புலம் 0.03. சவ்வின் தடிமன் 4 நானோமீட்டர், அதனால் 120 மில்லிவோல்ட். கேட் மூடியிருக்கிறது, சரி. ஆனால் ஃபில்ட்டர் ஏன் நெளிய வேண்டும்?

தெற்குவாசல்: நல்ல கேள்வி. அதற்கு முன் ஒன்று: மின்புலத்தைச் சவ்வின் தடிமனால் பெருக்கக் கூடாது, பெட்டியின் முழு உயரத்தால் பெருக்க வேண்டும். பெட்டி 9 நானோமீட்டர் என்றால் நீங்கள் கொடுத்திருப்பது 270 மில்லிவோல்ட். ஃபில்ட்டருக்குள் தொடக்கத்தில் பொட்டாசியத்தை எந்தெந்த இடங்களில் வைத்தீர்கள்?

நானோ_நங்கை: குளூட்டமிக் 71-ஐ (சேனலின் 71-ஆவது இடத்தில் உள்ள குளூட்டமிக் அமிலம்) மறக்காதீர்கள். அதில் புரோட்டான் ஏற்றி, ஆஸ்பார்ட்டிக் 80-உடன் ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கும்படி வைப்பதுதான் வழக்கம். க்ரோமாக்ஸ் தானாக அப்படிச் செய்யாது, எல்லா குளூட்டமிக்கையும் மின்னேற்றத்தோடே விட்டுவிடும். என் அனுபவத்தில் ஃபில்ட்டர் நெளிந்தால் பத்துக்கு எட்டு முறை இதுதான்.

குழப்பவாதி: ஃபில்ட்டருக்குள் எதுவும் வைக்கவில்லை அக்கா. கோப்பில் சேனலின் ஒரே ஒரு துணையலகுதான் இருந்தது. நான்காக்கியபோது பொட்டாசியம் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து மினிமைசேஷன் (தொடக்கத்தில் ஆற்றலைக் குறைக்கும் படி) வெடித்தது. அதனால் கோப்பில் அயனி, தண்ணீர் போன்ற புரதமல்லாதவற்றைக் குறிக்கும் ஹெட்டாட்டம் வரிகளை மொத்தமாக எடுத்துவிட்டேன். வெளியில்தான் உப்பு இருக்கிறதே, ஓடும்போது உள்ளே வரும் அல்லவா?

தெற்குவாசல்: அதுதான் விஷயம். அந்த அயனிகள் சரியாகச் சமச்சீர் அச்சின் மேலேயே உட்கார்ந்திருப்பவை. நான்கு பிரதி எடுத்தால் அதே இடத்தில் நான்கு அயனிகள் விழும். மூன்றை நீக்கி ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். ஃபில்ட்டரில் த்ரியோனின், வேலின், கிளைசின், டைரோசின், கிளைசின் என்று ஐந்து அமினோ அமிலங்கள். அவற்றின் கார்பனைல் ஆக்சிஜன்கள் உள்நோக்கி நிற்கின்றன. நடுவில் நேர்மின் அயனி இல்லாவிட்டால் அவை ஒன்றையொன்று விலக்கி, முதலில் வேலினில் திரும்பிக்கொள்ளும். நீங்கள் பார்த்த நெளிவு பெரும்பாலும் அதுதான். பெட்டியில் உள்ள மூலக்கூறுகளைப் பட்டியலிடும் டோப்பாலஜி கோப்பின் கடைசி வரிகளையும் ஒட்டுங்கள்.

நானோ_நங்கை: ஃபில்ட்டருக்குள் அயனி உட்காரும் நான்கு இடங்களில் எஸ்2, எஸ்4-இல் பொட்டாசியம், எஸ்1, எஸ்3-இல் தண்ணீர் என்று வைத்துத் தொடங்குங்கள்.

பழம்பெருச்சாளி: தண்ணீரா? 2014-இல் கோட்டிங்கன் குழு சயன்ஸ் இதழில் வெளியிட்டதைப் படிக்கவில்லையா? டவுன்பஸ்ஸில் பின்னால் ஏறுபவர் தள்ளினால் முன்னால் இருப்பவர் இறங்குகிறாரே, அப்படித்தான் அயனி அயனியை நேரடியாகத் தள்ளுகிறது. நடுவில் தண்ணீருக்கு இடம் இல்லை.

நானோ_நங்கை: படித்தேன் ஐயா. 2016-இல் அதே இதழில் வந்த இருபரிமாண அகச்சிவப்பு ஆய்வையும் படித்தேன். தண்ணீர் இடையில் இருக்கும் வரிசையோடுதான் அந்த நிறமாலை பொருந்தியது. 2001-இல் பெர்னெஷும் ரூவும் கணக்கிட்டதும் அந்த வரிசைதான்.

பழம்பெருச்சாளி: நிறமாலைக்கு எந்த மாதிரியை வைத்துப் பொருள் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

லிப்பிட்_ராஜா: இரண்டு பேரும் வெவ்வேறு ஃபோர்ஸ் ஃபீல்டை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். நான் முதலிலேயே சொன்னேன்.

குழப்பவாதி: கடைசி வரிகள்: பி.ஓ.பி.சி., எஸ்.ஓ.எல்., என்.ஏ., சி.எல்.

தெற்குவாசல்: என்.ஏ. என்றால் சோடியம் அம்மா! உப்பைச் சேர்க்கும் ஜென்அயான் கட்டளையில் நேர்மின் அயனியின் பெயரைக் கொடுக்காவிட்டால் அது சோடியத்தைத்தான் போடும். ஹெட்டாட்டமும் போய்விட்டதால் உங்கள் பெட்டியில் ஒரு பொட்டாசியம்கூட இல்லை. சோடியத்தைத் தடுப்பதற்கென்றே இருக்கிற சேனல் இது. பெயரை 'கே' என்று மாற்றினால் மட்டும் போதாது, சார்மில் 'பி.ஓ.டி.' என்று எழுத வேண்டியிருக்கலாம். ஃபோர்ஸ் ஃபீல்ட் கோப்பைத் திறந்து பாருங்கள்.

அப்புறம், கடப்பதைத்தான் காட்ட வேண்டும் என்றால் எம்.டி.எச்.கே. என்ற இன்னொரு பொட்டாசியம் சேனலின் 3எல்டிசி கட்டமைப்பை எடுங்கள். திறந்த நிலை, 1.45 ஆங்ஸ்ட்ராம் தெளிவு. திறந்த பொட்டாசியம் சேனலில் உச்ச வேகம் செகண்டுக்கு 10 கோடி அயனி, அதாவது 10 நானோசெகண்டுக்கு ஒன்று. சிமுலேஷனில் அதைவிடக் குறைவாகவே எதிர்பாருங்கள். வியாழனுக்குள் ஒன்றிரண்டு கடந்தாலே நல்லது.

பழம்பெருச்சாளி: சோடியம் என்று நானும் சொல்ல வந்தேன். தண்ணீர் விஷயத்துக்குத் தனி இழை திறக்கிறேன், நங்கை அங்கே வரவும்.

குழப்பவாதி: பொட்டாசியம் மாற்றியாயிற்று, 71-க்குப் புரோட்டானும் ஏற்றியாயிற்று. 20 நானோசெகண்ட் தாண்டியும் ஃபில்ட்டர் நேராக நிற்கிறது. 3எல்டிசி கியூவில் இருக்கிறது. நன்றி.

லிப்பிட்_ராஜா: எந்த ஃபோர்ஸ் ஃபீல்ட் என்று சொல்லவே இல்லையே?