மறு: மூடிய நிலக்கரிச் சுரங்கத்தில் ஏறும் நீர் – ‘மீளூறல்’ சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘நீர்மீட்சி’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘மீள்நிரம்பல்’ இன்னும் தெளிவு.

சுரங்க நீர் பற்றிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். மூடிய சுரங்கத்தில் நீர் திரும்ப ஏறுவதை ஆங்கிலத்தில் ‘மைன் வாட்டர் ரீபவுண்ட்’ என்கிறார்கள். அதற்கு இங்கே வந்த, மேலேயுள்ள இரண்டு சொற்களுமே எனக்கு ஒட்டவில்லை. ‘நீர்மீட்சி தொடங்கிவிட்டது’ என்று ஓர் அறிக்கையில் படித்தால் ஏதோ நல்ல செய்தி என்றுதான் தோன்றும். ஆக்கிரமித்த ஏரியை மீட்டதுபோல ஒலிக்கிறது. நடப்பதோ வேறு. சுரங்கம் ஓடும்வரை இரவு பகலாக நீரை இறைக்கிறார்கள். மூடியதும் மோட்டார் நிற்கிறது. பல பத்தாண்டுகளாகக் கீழேயே பிடித்துவைத்திருந்த நிலத்தடி நீர், வெட்டிய வெற்றிடங்கள் வழியாக மெல்ல மேலேறுகிறது. வழியில், காற்றுப் பட்டுக் கிடந்த பைரைட் என்ற இரும்பு–கந்தகக் கனிமத்திலிருந்து உண்டான இரும்பு, சல்பேட் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது.

இங்கிலாந்தின் டர்ஹம் கடலோரச் சுரங்கங்கள் 1980, 90களில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அங்கே ஏறிவந்த நீர், மேலேயுள்ள மக்னீசியச் சுண்ணாம்புப் பாறையின் குடிநீரைக் கெடுத்துவிடும் என்ற நிலை வந்தது. அதனால் ஹோர்டன், டாடன் என்ற இடங்களில் நீரை இறைத்து, இரும்பைப் பிரித்துவிட்டு வெளியே விடுகிறார்கள். மீட்சி என்று பெயர் வைக்கிற காரியமா இது?

‘மீள்நிரம்பல்’ என்பதில் வேறு சிக்கல். நிரம்பல் என்றால் விளிம்புவரை. ஜெர்மனியின் ரூர் பகுதியில் அப்படி நிரம்ப விடுவதே இல்லை. அங்கே கடைசிச் சுரங்கமான பொட்ரோப் ஊர் புரோஸ்பர்–ஹானியலில் 2018 டிசம்பர் 21 அன்று நிலக்கரி எடுப்பதை முடித்தார்கள். நீரை ஓரளவு ஏறவிட்டு, குடிநீர் அடுக்குக்குக் கீழேயே தடுத்து நிறுத்துவதுதான் திட்டம். அதற்காகப் பழைய இறங்குகுழிகளில், அதாவது சுரங்கத்துக்குச் செங்குத்தாக இறங்கும் குழிகளில், குழாய் இறக்கி, அதனுள் நீர்மூழ்கி பம்புகளைத் தொங்கவிடுகிறார்கள். கரி எடுத்ததால் சில இடங்களில் தரை 20 மீட்டருக்கும் மேல் அமிழ்ந்திருப்பதால் மேற்பரப்பு நீரையும் இறைத்தாக வேண்டும். இதற்கெல்லாம் முடிவு தேதியே கிடையாது. ஜெர்மானியர் இதை ‘என்றென்றைக்குமான கடமை’ என்ற பொருளில் ஒரே சொல்லாகச் சொல்கிறார்கள். செலவைச் சுமக்க 2007இல் ஓர் அறக்கட்டளையே அமைத்தார்கள். நிரம்பாமல் பார்த்துக்கொள்வதற்கே இத்தனை பாடு.

சரி, நம் ஊர்க் கிணற்றுக்கு வருவோம். மாலையில் மோட்டார் போட்டுக் கிணற்றை வற்ற இறைக்கிறோம். நிறுத்திவிட்டால் காலைக்குள் தண்ணீர் ‘ஊறி’ நிற்கிறது. ‘ஊறல் நல்லா இருக்கு’, ‘ஊறல் கம்மி’ என்று விவசாயி சொல்வது இதைத்தான். எவ்வளவு உயரம் என்பது அந்தச் சொல்லுக்குள் இல்லை. பாதியில் நின்றாலும் ஊறல்தான். எனவே என் முன்மொழிவு: மீளூறல். மீளூறல் மட்டம், மீளூறல் வேகம், மீளூறல் கட்டுப்பாடு என்று நீட்டினாலும் முறியவில்லை.

‘ஊறல் என்றால் போலீஸ் அழிக்கிற சாராய ஊறல்தானே’ என்று ஒருவர் கேட்பார், தெரியும். ‘மீள்’ முன்னால் நிற்கும்போது அந்த வாடை வராது என்று நம்புகிறேன்.

அடுத்து டிரெயினேஜ். எல்லா இடத்திலும் ‘வடிகால்’ என்று போட்டுவிடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. வடிதல் தானாக நடப்பது. மலைச்சரிவில் கிடைமட்டமாகக் குடைந்த பழைய கால்வாய்ச் சுரங்கம் வழியாக நீர் தானே வெளியேறினால் அது வடிகால். ஆழச் சுரங்கத்தில் பம்பு வைத்து மேலே ஏற்றுவது நீரிறைப்பு. கண்காணிப்பு அறிக்கையில் இரண்டும் தனித்தனிப் பத்தி. முதலாவதில் மின் செலவு இல்லை, நிறுத்தவும் முடியாது. இரண்டாவதில் மின்சாரம் போனால் மட்டம் ஏறத் தொடங்கிவிடும். ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவர் குழம்புவார். நெய்வேலிச் செய்திகளில் வரும் ‘உபரிநீர்’ என்பதும் இங்கே உதவாது. பழுப்பு நிலக்கரிக்குக் கீழேயுள்ள நீரின் அழுத்தத்தைக் குறைக்கவே அங்கே இறைக்கிறார்கள். அதில் உபரி எங்கே இருக்கிறது?

சுரங்க நீரிலுள்ள இரும்பு துருப்போலப் படிவதை ஆங்கிலத்தில் ஆக்கர் என்கிறார்கள். அதற்குக் ‘காவிப்படிவு’ போதும் என்ற யோசனைக்கு முழு ஆதரவு. ஓடையின் கல்லெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் மெழுகிக் கிடக்கும் படத்தைப் பார்த்தவர் வேறு சொல் தேடமாட்டார். ஆனால் அதைக் கண்டதுமே ‘அமில நீர்’ என்று எழுதிவிட வேண்டாம். நிலக்கரிச் சுரங்க நீர் பல இடங்களில் ஏறக்குறைய நடுநிலையாகவே இருக்கும். இரும்பு மட்டும் ஏராளம்.

மட்டம் அளக்கும் கருவிக்கு ‘நீர்மட்ட நாடா’ என்று எழுதியிருக்கிறேன். அளவு குறித்த நாடாவின் நுனியில் உணரி இருக்கும். இறங்குகுழியின் மூடியிலுள்ள குழாய் வழியாக இறக்கினால், தண்ணீரைத் தொட்டதும் மேலே சுருளில் ‘பீப்’ என்று கத்தும். அந்த இடத்தில் நாடாவைப் பார்த்து ஆழத்தைக் குறித்துக்கொள்வார்கள்.

இன்னும் பிடிபடாதது ஒன்று. மீளூறி வெளிவரும் முதல் நீரில்தான் இரும்பு மிக அதிகம். பிறகு ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறையும். இதை ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் என்கிறார்கள். ‘முதற்கழுவல்’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன், பாத்திரம் தேய்ப்பதுபோல இருக்கிறது. அப்புறம், இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரில் 2023 முதல் சுரங்க நீரின் வெப்பத்தை எடுத்துக் கட்டடங்களைச் சூடாக்குகிறார்கள். நீரைத் திரும்பவும் கீழேயே விட்டுவிடுகிறார்கள். வெப்பம் மட்டும் எடுப்பதை நம் சொற்பட்டியலில் ‘நீர்ப் பயன்பாடு’ என்ற தலைப்பில் சேர்க்கலாமா, தனித் தலைப்பு வேண்டுமா? நீரியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.